சாஸ்தா கோயில் தலைக்கட்டுதாரர்களுக்கு, வரி நோட்டில் பெயரில்லாத ஒரு மகள் எழுதுவது

எங்கள் சாஸ்தா கோயில் கமிட்டியாருக்கும், வீட்டுக்கு வீடு கோயில் வரி கட்டுகிற 68 தலைக்கட்டுதாரர்களுக்கும், அந்த வீடுகளில் பிறந்து வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போன அத்தைமார், அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாரென்று நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 பங்குனி உத்திரத்தன்று கோயில் பம்புசெட் தொட்டியடியில் விழுந்து இறந்தானே, அவனுடைய அக்கா. பெயரையும் ஊரையும் போடாமல் எழுதுவது என் பிள்ளைகளுக்காக. மகளுக்கு 21 வயது, மகனுக்கு 17. இதில் வருகிற மற்றவர்களின் பெயரையும் அதே காரணத்துக்காகத்தான் விட்டிருக்கிறேன்.

நம்ம குடும்பத்தில் வழிவழியாக வருகிற ஓர் இதய நோயைப் பற்றிப் போன மாசி மாதம் நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு பேர் போன் பண்ணினார்கள். ஒருத்தர், "கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைக இருக்கிற வகையறா தாயி, இதையெல்லாம் பொதுவுல போடலாமா?" என்று கேட்டார். இன்னொருத்தர் எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்துவிட்டார். அந்த இரண்டாவது போனுக்காகத்தான் இந்த மடலை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். ஒரு குரூப்பில் அழித்தால் போய்விடுகிற சங்கதி இல்லை இது.

அன்றைக்குத் தம்பி விரதம். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியும். பொங்கல் பானைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று இரண்டு கையிலும் குடத்தோடு பம்புசெட்டுக்கும் கோயிலுக்கும் வரப்பு வழியாக நடையாய் நடந்தான். பத்துப் பன்னிரண்டு நடை இருக்கும். கடைசியாக வந்தவன் காலிக் குடங்களைத் தொட்டி விளிம்பில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டக் குனிந்தான். அப்படியே முன்னால் சரிந்துவிட்டான். ஒரு குடம் உருண்டு தொட்டிக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் நிமிர்ந்தேன். பத்தடி தூரத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

முகத்தில் தண்ணீர் அடித்தோம். சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம். எலுமிச்சம்பழத்தை உள்ளங்காலில் தேய்த்தார்கள். பூசாரி திருநீறு போட்டார். "உச்சிப்பொழுதுல மாடன் பீடத்துக்குக் குறுக்க நடந்தான், அதான் அடிச்சிட்டு" என்று யாரோ சொன்னார்கள். காரில் ஏற்றி, மண்பாதையைத் தாண்டி, மெயின்ரோடு பிடித்து ஆஸ்பத்திரி சேர 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தில் ஒருத்தர்கூட அவன் நெஞ்சில் கைவைத்து அழுத்தவில்லை. நானும்தான் அழுத்தவில்லை. எனக்குத் தெரியாது. அவனுக்கு வயது 33.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பீடி, சிகரெட் கிடையாது, சுகர் பிரஷர் கிடையாது, மண்வெட்டி பிடிக்கிற உடம்பு. அவனுக்கு எப்படி மாரடைப்பு என்று நாம் யாரும் கேட்கவில்லை. நம்ம குடும்பத்துக்குப் பழகிப்போயிருந்தது.

தாத்தா 1961இல், பிசான அறுப்பு முடிந்து களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது போனார். 39 வயது. அதற்கும் மாடன்தான் காரணம். அப்பா 1990இல், அம்பாசமுத்திரம் ஆற்றுப்பாலத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனபோது. 44 வயது. அதை மாரடைப்பு என்றார்கள். சின்னத் தாத்தா கிளையில் ஒரு பையனுக்கு அடிக்கடி மயக்கம் வரும். காக்காவலிப்பு என்று முடிவு கட்டி ஆறு வருடம் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள், இடுப்பில் இரும்பு கட்டினார்கள். 19 வயதில் கபடி ஆட்டத்துக்கு நடுவில் போய்விட்டான்.

அத்தைக்குச் சொன்ன காரணத்தைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அப்பாவுடன் பிறந்தவள். 1979இல் வாய்க்கால் படித்துறையில் துணி துவைக்கப் போனவளைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். 31 வயது. மாமியாரோடு சண்டை, விழுந்துவிட்டாள் என்று இரண்டு ஊரும் பேசியது. வாய்க்காலில் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. ஆச்சி கண்ணை மூடுகிறவரை அந்தச் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த அத்தை அதற்கு முன்னால் இரண்டு முறை நின்ற இடத்தில் மயங்கி விழுந்தவள் என்று எனக்குச் சொன்னதும் ஆச்சிதான். ஒருமுறை நாற்று நடுகையில், இன்னொரு முறை கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகையில். இரண்டையும் அந்தச் சாவையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த மாமியாரும் பழியைச் சுமந்துகொண்டே செத்தார். அவர் வீட்டாரிடம் நான் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். நம்ம வகையறாவிலிருந்து இன்னும் யாராவது பெரியவர்கள் போனால் நல்லது.

எனக்குத் தெரியவந்தது 2017இல். நான் பள்ளிக்கூட டீச்சர். இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். ரத்தசோகை என்று ஒரு வருடம் சத்து மாத்திரை தின்றேன். அப்புறம் ஒரு சின்ன வயது டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டவர், "குத்தவச்சு உட்காந்து எந்திரிங்கம்மா" என்றார். எழுந்ததும் மறுபடி வைத்துக் கேட்டார். "உங்க வீட்டுல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை எங்களைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். நாலாவது விரலில் அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எக்கோவுக்குச் சீட்டு எழுதினார்.

எக்கோ எடுக்க ஒன்றும் வலிக்காது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நெஞ்சில் குளுகுளுவென்று ஒரு பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். அவ்வளவுதான். திரையில் என் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தார் டாக்டர். ஓரத்தில் 23 என்று வந்தது. பெரியவர்களுக்கு அந்தச் சுவர் 11 மில்லிமீட்டருக்குள் இருப்பதுதான் வழக்கம். வேறு காரணம் இல்லாமல் 15 ஆனாலே நோய். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் 13 போதும்.

அதன் பெயர் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. ஆஸ்பத்திரியில் ஹெச்சிஎம் என்பார்கள். நாம் இதயத்தசைத் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொள்கிறது. இதில் குழாய் சுத்தமாக இருக்கும், சுவர்தான் பெருத்துப்போய் அறை சுருங்கும். சுருங்கிய அறைக்குள் ரத்தம் நிரம்பக் கஷ்டப்படும். சிலருக்கு வெளியே போகிற வாசலையும் அந்தச் சுவர் அடைக்கும். அதனால்தான் மூச்சு வாங்குவதும் தலைசுற்றுவதும். நல்ல இதயத்தில் தசைநார்கள் பத்தமடைப் பாயில் கோரை படுத்திருக்கிற மாதிரி வரிசையாக இருக்கும். இந்த நோயில் அவை தாறுமாறாகக் கிடக்கும். துடிப்பைக் கொண்டுபோகிற மின்சாரம் அந்தத் தாறுமாறுக்குள் வழிதவறிச் சுழல ஆரம்பித்தால் இதயம் அடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். சில விநாடியில் ஆள் கீழே. தொட்டியடியில் நடந்தது அதுதான்.

ஆஞ்சியோவில் இது தெரியாமல் போவதற்கும் காரணம் இதுவே. சின்னத் தாத்தா கிளையில் ஓர் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி என்று ஓர் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ பார்த்தார்கள். குழாயில் அடைப்பே இல்லை, வாயுதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மைனி அன்றைக்குத் தெருவுக்கே அல்வா கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்தபிறகு கெஞ்சிக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தேன். 19 மில்லிமீட்டர். வீடுவீடாக வந்து பிரஷர், சுகர் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவத்திலும் இது பிடிபடாது. இதற்கென்று இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு.

என் ரிப்போர்ட் வந்தபிறகு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்கள். அப்பா இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் எடுத்த இசிஜி. இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட நீளச் சீட்டு, நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அப்போது அதைப் பார்த்தவர், பயப்பட ஒன்றுமில்லை, உப்பைக் குறையுங்கள் என்று சொன்னாராம். என் டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்த அலைகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டார். என் சீட்டைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கையெழுத்து மாதிரி இருந்தன. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் 29 வருடம் கிடந்திருக்கிறது.

லண்டனில் டொனால்ட் டீயர் என்கிற மருத்துவர் 1958இலேயே, இளம்வயதில் இறந்தவர்களின் இதயத்தைத் திறந்து பார்த்து, இந்தச் சுவர் தடிப்பைப் பற்றி எழுதிவிட்டார். தாத்தா அதற்கு மூன்று வருடம் கழித்துக் களத்தில் விழுந்தார். அன்றைக்கு நம்ம ஊரில் யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. அதனால் பழைய ஆட்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. இப்போது நமக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். பெரியப்பா என்மேல் இரக்கப்பட்டு, 1950களிலிருந்து இருக்கிற மூன்று வரி நோட்டுகளையும் ஒரு வாரம் என்னிடம் கொடுத்தார்கள். தலைக்கட்டு வரி கட்டியவர் இறந்தால் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மகன் பெயரை எழுதுவது வழக்கம். மகன் சின்னப் பையனாக இருந்தால் "மைனர், தாயார் கட்டியது" என்று இருக்கும். நான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் தேடினேன். ஒன்பது இடத்தில் இருந்தது. என் தம்பி பெயர் ஏழு வயதில் அந்த நோட்டில் ஏறியதும் அப்படித்தான். ஒன்பது பேரில் இரண்டு பேர் விஷக்கடியிலும் பஸ் விபத்திலும் போனவர்கள். மிச்சம் ஏழு பேரும் நின்றவாக்கில், நடந்தவாக்கில், தூக்கத்தில் போனவர்கள். எல்லாருமே பூட்டனாரின் நாலு மகன்களில் மூன்று பேருடைய கிளை.

ஆனால் அந்த நோட்டில் அத்தை இல்லை. இருக்கவும் முடியாது. நோட்டில் ஆண்வழிதான் வரும். பெண் பிறந்தால் கட்டிக்கொடுத்த வீட்டுச் சாஸ்தாவுக்குப் போய்விடுவாள், அவள் பிள்ளைகளும் அங்கேதான். அது கோயில் வழக்கம், அதை மாற்றச் சொல்லி நான் வரவில்லை. இந்த நோய்க்கு மட்டும் அந்த வழக்கம் தெரியாது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா என்கிற கணக்கே கிடையாது. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்ததுக்கு வராது என்பதும் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் காசைப் புதிதாகத்தான் சுண்டுகிறார்கள். அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது, தம்பிக்கும் வந்தது. என்னிடமிருந்து மகனுக்குப் போயிருக்கிறது, மகளுக்குப் போகவில்லை. வரி நோட்டின்படி என் மகன் நம்ம வகையறாவே இல்லை. அவன் நெஞ்சுக்குள் இருக்கிற சுவர் தாத்தாவுடையது.

அப்படியானால் 1950க்குப் பிறகு நம்ம 68 வீட்டில் பிறந்து வெளியே போன பெண்கள் எத்தனை பேர்? கடையத்தில், தூத்துக்குடியில், தாராவியில், கல்ஃபில் அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தை மகன் ஒருவனை நான் தேடிப்பிடித்து மும்பைக்குப் போன் போட்டபோது, "எங்க அம்மா தண்ணியில விழுந்துதான செத்தா" என்றான். அவனுக்கு 48 வயது. மூன்று பிள்ளைகள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம்.

இன்னொன்றும் உண்டு. நாம் முறைமாப்பிள்ளை முறைப்பெண் விடாத ஆட்கள். வெளியே போன அத்தை மகளையே திரும்ப எடுப்போம். இரண்டு பக்கமும் ஒரே குறை இருந்தால், பிறக்கிற நாலில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பங்கும் சேர்ந்து வரும் என்பது கணக்கு. அப்படி வந்தால் கைக்குழந்தையிலேயே இதயம் தளர்ந்துபோகிற அளவுக்குக் கடுமையாக இருக்கும். உறவில் பேசி வைத்திருக்கிற வீடுகள் தயவுசெய்து முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சரி, கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன், போனில் கேட்ட பெரியவருக்காக. உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் 21 வயதில் மகள் இருக்கிறாள். ஆனால் நம்மைப்பற்றி வெளியே ஏற்கெனவே என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். "ஆம்பளைக்கு ஆயுசு நிக்காத குடும்பம்." என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டிலேயே ஒரு பாட்டி அதைச் சொன்னாள். பரிசோதனை செய்யாமல் இருப்பதால் அந்தப் பேச்சு நிற்கவில்லை, நம்ம பெண்கள் எல்லார் தலையிலும் சேர்ந்து விழுகிறது. என் மகளுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தபோது குடும்பத்துக் குறை அவளிடம் இல்லை என்று எழுதி வந்தது. அவளுக்கு இல்லையென்றால் அவள் வழியாக அவள் பிள்ளைகளுக்கும் வராது. அந்தக் காகிதத்தைச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை. மகனுக்குப் பெண் பார்க்கும்போதும் மறைக்கப்போவதில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்து, 30 வயதில் ஒருத்தியை வெள்ளைச் சேலையில் நிறுத்திய வீடுகள் நம்மிடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மைனி என்று நான் கூப்பிடுகிற எத்தனை பேர் அப்படி நிற்கிறார்கள்!

பரிசோதனையைப் பற்றி. வரி நோட்டில் இந்தச் சாவுகள் தெரிகிற மூன்று கிளைகளிலும் பிறந்த எல்லாரும், பெண்வழிப் பிள்ளைகளும் சேர்த்து, ஒரு இசிஜியும் ஒரு எக்கோவும் எடுக்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எடுக்கலாம். போகும்போது "எங்க குடும்பத்துல ஹெச்சிஎம் இருக்கு, அதுக்காகப் பாக்கணும்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சும்மா செக்கப் என்றால் அளவைக் கூர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒருமுறை நன்றாக இருந்தால் அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். தடிப்பு பெரும்பாலும் வளர்கிற வயதில்தான் தலைகாட்டும், சிலருக்கு 40க்கு மேலும் வரும். பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். என் மகனுக்கு 11 வயதில் ஒன்றுமில்லை. 14இல் 16 மில்லிமீட்டர்.

இந்த அலைச்சலைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. என் ரத்தத்தை அனுப்பி ஜீன் பரிசோதனை செய்ததில் எம்ஒய்பிபிசி3 என்கிற ஜீனில் குறை என்று இன்ன இடம் சுட்டி எழுதி வந்திருக்கிறது. அந்தக் காகிதம் என்னிடம் உள்ளது. அதைக் காட்டினால் உங்கள் ரத்தத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இல்லை என்று வந்தால் காலத்துக்கும் எக்கோவுக்கு அலைய வேண்டாம்.

பெரியப்பா, இதை உங்களுக்கென்றே எழுதுகிறேன். உங்களுக்கு 82 வயது. கடவுள் புண்ணியத்தில் இன்றைக்கும் வயலுக்குப் போகிறீர்கள். "எனக்கு என்ன கேடு, நான் எதுக்குட்டி ரத்தம் கொடுக்கணும்?" என்று கேட்டீர்கள். குறை இருந்தும் கடைசிவரை தடிப்பே வராமல் வாழ்கிறவர்கள் உண்டு. அவர்கள் வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் ரத்தத்தில் அது இல்லையென்று தெரிந்தால், உங்கள் வழியாக உங்கள் ஐந்து பிள்ளைகளுக்கும் 11 பேரப்பிள்ளைகளுக்கும் அது வந்திருக்க முடியாது. ஒரு ஊசி. 16 பேருக்கு நிம்மதி. இருக்கிறது என்று வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று தெரியும். நான் ஆட்டோ கொண்டுவந்து உங்களைக் கூட்டிப்போகிறேன்.

இது நம்ம வகையறாவுக்கு மட்டும் வந்த சாபம் என்று யாரும் கூனிக்குறுக வேண்டாம். 500 பேரில் ஒருவருக்கு இந்தத் தடிப்பு இருக்கிறது, உலகம் முழுக்க. அது போக, எம்ஒய்பிபிசி3 ஜீனிலேயே 25 எழுத்துகள் விடுபட்டுப்போன இன்னொரு குறை இந்தியத் துணைக்கண்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்கிற உயிரணு ஆராய்ச்சி மையமும் அதில் பங்கெடுத்தன. குமாரசாமி தங்கராஜ் என்கிற விஞ்ஞானி அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர். அது இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் வயதாகும்போது இதயம் பலவீனப்படும் ஆபத்து கூடுதல். அதனால்தான் இதை மற்ற வகையறாக்காரர்களும் படிக்கட்டும் என்கிறேன். உங்கள் வரி நோட்டிலும் "மைனர், தாயார் கட்டியது" எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்.

கண்டுபிடித்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறையச் செய்யலாம். முறையாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் மற்றவர்களைப்போல முழு ஆயுசும் வாழ்கிறார்கள். முதலில் மாத்திரை, துடிப்பை நிதானப்படுத்த. வாசல் அடைப்பு அதிகமென்றால் அந்தச் சுவரில் கொஞ்சம் தசையை அறுத்தெடுப்பார்கள். எனக்குக் குடும்பத்தில் இத்தனை திடீர்ச் சாவு, சுவர் 23, நடுவில் ஒருமுறை மயக்கமும் வந்தது. அதனால் 2018இல் திருவனந்தபுரத்தில் ஐசிடி என்கிற கருவியை உடம்புக்குள் வைத்தார்கள். நெஞ்சின் இடது பக்கம் காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, தோலுக்கடியில் தடவினால் தெரியும். 1980இல்தான் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைப் பொருத்தினார்கள். இதயம் நடுங்க ஆரம்பித்தால் அதுவே கண்டுபிடித்து ஒரு ஷாக் கொடுத்து மறுபடி அடிக்கவைக்கும்.

2021இல் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி நெஞ்சில் மாடு முட்டியது மாதிரி ஒரு அடி. கையிலிருந்த பை பறந்துபோனது. பக்கத்தில் நின்ற அம்மா அலறிவிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், உயிரோடு. அரிசி சிதறிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குத் தொட்டிக்குள் உருண்ட குடம்தான் ஞாபகம் வந்தது. தம்பிக்கும் இதே அடி கிடைத்திருந்தால் தலையைத் தடவிக்கொண்டு எழுந்திருப்பான். எல்லாருக்கும் இந்தக் கருவி தேவைப்படாது, டாக்டர்தான் முடிவு செய்வார்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்ம வீடுகளில் நெஞ்சுவலி என்றால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைக்கிற பழக்கம் இருக்கிறது. இந்த நோயில் வாசல் அடைப்பு உள்ளவர்களுக்கு அது பிரஷரை இறக்கி, அடைப்பைக் கூட்டி, ஆளைச் சாய்த்துவிடும். நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வதும் ஆகாது. தம்பி அன்றைக்குச் செய்தது அதுதான்.

கமிட்டியாரிடம் இரண்டு வேண்டுகோள். உத்திரத்தன்று விரதக்காரர்கள் வெயிலில் தண்ணீர் குடித்தால் சாஸ்தா ஏற்றுக்கொள்வார் என்று பூசாரி மைக்கில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர் சொன்னால் கேட்பார்கள். அடுத்து, நெஞ்சில் ஒட்டி ஷாக் கொடுக்கிற ஏஇடி கருவி ஒன்றைக் கோயில் பணத்தில் வாங்கி மண்டபத்தில் வைக்க வேண்டும். அது வாய்விட்டுச் சொல்கிறபடி செய்தால் போதும், படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை. இதயம் நின்றபின் ஒன்றுமே செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம்ம கோயிலுக்கு 108 வந்து சேர ஆகிற நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செண்டைமேளத்தைக் குறைத்து அந்தப் பணத்தை இதில் போடலாம் என்பது என் கருத்து. கருவி வருகிறவரை கை இருக்கிறது. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வருகிறவரை விடாமல் அழுத்த வேண்டும். நான் இப்போது கற்றுக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் மகன் வாலிபால் நன்றாக ஆடுவான். போட்டி ஆட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபிறகு இப்போது நடக்கிறான், மெதுவாகச் சைக்கிள் ஓட்டுகிறான். அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. சாயங்காலம் மைதானத்துப் பக்கம் போகிற தெருவில் போகமாட்டான். "மாமாவுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த விரதத்தை மாமா விட்டிருப்பாங்களா?" என்று ஒருநாள் கேட்டான். விட்டிருப்பார் என்று சொன்னேன்.

இந்த உத்திரத்துக்கு நான் வருகிறேன். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காலை 8 மணியிலிருந்து மண்டபத்தின் வடக்கு ஓரத்தில், தொட்டியைப் பார்த்தமாதிரி உட்கார்ந்திருப்பேன். உங்கள் வீட்டில் யார், எந்த வயதில், என்ன செய்துகொண்டிருக்கும்போது போனார்கள் என்று சொல்லுங்கள். பெண்வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய இசிஜி சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள், எவ்வளவு கிழிந்திருந்தாலும். பெயர் வேண்டாம் என்கிற வீட்டுக்கு எண் மட்டும் போடுகிறேன். முதல் பக்கத்தில் அத்தை பெயரை எழுதிவிட்டேன். 31 வயது, படித்துறை, அதற்கு முன் இரண்டு முறை மயக்கம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் பிறந்தவள்